நீலக்கோடு போட்ட சொக்காய்

அந்த ஜன்னலை நான் வைத்திருக்கவே கூடாது. எதிர்வீட்டைப் பார்த்து வயிறெரிந்துதான் வைத்தேன். வைத்த பிறகு அதன் வழியாகத் தெரிந்ததும் அதே எதிர்வீடுதான். புத்தியுள்ளவன் எவனாவது இப்படிச் செய்வானா? நான் செய்தேன்.

எதிர்வீட்டுக்காரன் அந்நியன் இல்லை, என் சித்தப்பா மகன். என்னைவிட மூன்று மாதம் சின்னவன். நான் எட்டாவது வரைக்கும் படித்தேன். அவன் மூன்றாவதோடு ஸ்லேட்டை உடைத்துப் போட்டுவிட்டுக் கொத்தனாருக்குக் கல் எடுத்துக் கொடுக்கப் போய்விட்டான். எனக்கு உத்திரமேரூரில் ஒரு ஆபீஸில் பியூன் வேலை கிடைத்தது. எங்கள் தெரு ஜனங்கள் அதுவரை அடுத்தவர் கழனியில் நாற்று நட்டு, அடுத்தவர் களத்தில் கதிரடித்துக் கூலி நெல் வாங்கி வந்தவர்கள். அந்தத் தெருவில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். காலையில் வெளுத்த சொக்காயைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறினால், "ஆபீஸ்காரரு போறாரு" என்பார்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே குறுக்கு வழியை விட்டுவிட்டுத் தெருவை முழுக்கச் சுற்றிக்கொண்டு போவேன்.

இப்படி நான் ராஜா மாதிரி போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் அவன் மெட்ராஸிலிருந்து திரும்பி வந்தான். போகும்போது சித்தாள், வரும்போது கொத்தனார். வந்தவன் சும்மா இருந்தானா? தன் குடிசையைப் பிரித்துப் போட்டுவிட்டு, அதே இடத்தில் கடைக்கால் தோண்டினான். சூளையிலிருந்து வண்டி வண்டியாகச் செங்கல் வந்து இறங்கியது. எங்கள் தெருவில் அதுதான் முதல் கல் வீடு. மாதச் சம்பளக்காரன் மண்சுவரிலும் ஓலைக்கூரையிலும் கிடக்க, மூன்றாவது படித்தவன் கல் வீடு கட்டுகிறான்.

எனக்குப் பொறாமைதான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அவன் கெட்டுப்போக வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. நன்றாகவே இருக்கட்டும். ராஜகுளத்தில் போய் நன்றாக இருக்கட்டும், தென்னேரியில் போய் நன்றாக இருக்கட்டும். என் வாசலுக்கு எதிரில் நன்றாக இருக்க வேண்டாம் என்பதுதான் என் வேண்டுதல்.

என் மனைவியின் வேண்டுதல் வேறு. அவள் காவாந்தண்டலத்துப் பெண். நான் ஆபீஸுக்குப் போனால் அவள் கழனிக்கு நடவு நடப் போவாள். கல்யாணமாகி வந்த மாதத்திலிருந்து அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று, குளிக்க ஒரு மறைப்பு. ஆண்களுக்கு ஏரி இருந்தது. பெண்களுக்கு வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்துக்கும் வேலிக்கும் நடுவில் ஒரு கயிற்றுக் கட்டில். அதை நிமிர்த்தி வைத்து, மேலே ஒரு பழைய புடவையைப் போர்த்திவிட்டால் அதுதான் குளிக்கும் இடம். தெருவில் ஆள் நடமாட்டம் வருமுன் குந்தி உட்கார்ந்து நாலு சொம்பு ஊற்றிக்கொண்டு எழுந்துவிட வேண்டும். காற்றடித்தால் ஒரு கையால் புடவையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் ஊற்ற வேண்டும். உடம்பு சரியில்லாத நாளானாலும், மாதத்தில் அந்த மூன்று நாளானாலும் அதே கட்டில்தான்.

"கட்டலாம், கட்டலாம்" என்று ஒன்பது வருஷம் சொன்னேன். எனக்குச் சோம்பல் இல்லை. உண்மையைச் சொன்னால், அது வீட்டுக்குப் பின்னால் வருகிற வேலை. பின்னால் கட்டினால் யார் பார்ப்பார்கள்?

எதிரில் சுவர் எழும்ப எழும்ப, நானும் என் வீட்டில் வேலை ஆரம்பித்தேன். அவன் சுவருக்குள்ளேயே அலமாரிக்கு இடம் விட்டுக் கட்டுகிறான் என்று கேள்விப்பட்டேன். அந்த வாரமே ஆபீஸில் காகிதக் கட்டுகள் வந்த மரப்பெட்டி ஒன்றை உடைத்து, பலகைகளை சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன். வாசலில் நின்று பார்த்தால் தெரிகிற மாதிரி நடுச்சுவரில் நான்கு முளை அடித்து, பலகையை ஏற்றினேன். மண்சுவரில் முளை எத்தனை நாள் நிற்கும்? பலகை மூன்று நாள் நின்றது. நான்காம் நாள் ஊறுகாய் ஜாடியோடு இறங்கிவிட்டது. மாங்காய் ஊறுகாய் தரையெல்லாம் ஓட, என் மனைவி அதை வாரிப் போட்டாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அடுத்ததுதான் ஜன்னல். அவன் இரும்புக் கம்பி போட்ட ஜன்னல் இரண்டு கொண்டுவந்து சுவரில் சாய்த்து வைத்திருந்தான். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உத்திரமேரூரில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது விலைக்குப் போட்ட ஜன்னல் சட்டம் ஒன்றை வாங்கி வந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையை எடுத்து, தெருப்பக்கச் சுவரில் ஓட்டை போட ஆரம்பித்தேன்.

என் மனைவி வந்து நின்றாள்.

"இன்னாயா இது, தெருவப் பாத்து ஓட்ட போட்டுகினு கீற? பின்னால ஒரு மறைப்பு கட்டுன்னு நான் கத்திகினு கீறேன்."

"வூட்டுக்குக் காத்து வேணும்ல?"

"காத்து உனுக்கு. எனுக்கு? பெரியவளுக்கு எட்டு வயசாவுது. அவளும் நாளைக்கு அந்தக் கட்டிலுக்குப் பின்னாலதான் குந்தணுமா?"

"அதுவும் கட்டலாம்மே. மொதல்ல இத்த முடிச்சிக்கறேன்."

"நீ கட்ட வேணாம். எதிர்வூட்டுத் தம்பிகிட்ட ஒரு வார்த்த சொல்லு. அர நாள்ல கட்டிக் குடுத்துட்டுப் போயிடும்."

அதுதான் கூடாது என்றேன். அவனிடம் போய் நிற்பதைவிடக் கடப்பாரையை முழுங்கலாம். சொல்லிவிட்டு இன்னும் ஓங்கிக் குத்தினேன்.

ஓட்டை போட்டு, சட்டத்தை நிறுத்தி, சந்துகளில் சேற்றை அப்பி முடித்தேன். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் ஜன்னலுக்கு மேலே சுவரின் பாரத்தைத் தாங்க ஒரு மரம் குறுக்கே போட வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. எட்டாவது வகுப்பில் அதைச் சொல்லித்தரவில்லை. இரண்டாம் நாள் ஜன்னலுக்கு மேலே ஒரு விரிசல் கிளம்பி, கூரை வரைக்கும் போயிற்று. நான் பார்த்தும் பார்க்காதவன்போல ஆபீஸுக்குப் போய்விட்டேன். சாயங்காலம் திரும்பி வந்தால் விரிசல் பூசப்பட்டிருந்தது. ஜன்னலுக்கு மேலே கனமான பனஞ்சட்டம் ஒன்று நூல் பிடித்த மாதிரி உட்கார்ந்திருந்தது. யார் வேலை என்று கேட்க வேண்டியதே இல்லை. எங்கள் ஊரில் அவ்வளவு நேராக எதையும் வைக்கத் தெரிந்தவன் ஒருத்தன்தான்.

நன்றி சொல்லியிருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. என் சுவரில், நான் இல்லாத நேரத்தில், அவன் கை பட்டிருக்கிறது. ஜன்னலைத் திறந்தேன், எதிரில் அவன் வீடு. மூடினேன், உள்ளே அவன் வைத்த பனஞ்சட்டம். நான் எங்கேதான் பார்ப்பது?

எதிர்வீட்டுக்கு வாசல் நிலை வைத்து, சுவர் ஆள் உயரம் தாண்டிய சமயம் அது. ஒருநாள் காலையில் ஜன்னலைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். செங்கல் அடுக்குக்கு மேலே ஒரு மூங்கில் நட்டு, திருஷ்டிப் பொம்மை கட்டியிருந்தார்கள். வளர்கிற வீட்டின்மேல் யார் கண்ணும் பட்டுவிடக் கூடாது என்று கட்டுவதுதானே, அதில் அதிசயம் ஒன்றுமில்லை. வைக்கோல் உடம்பு, சட்டித் தலை, சுண்ணாம்பில் இரண்டு பெரிய கண், கரியில் மீசை, தொங்குகிற நாக்கு. நான் பார்த்தது அதையெல்லாம் இல்லை, அதன் சொக்காயை. நீலக்கோடு போட்ட சொக்காய். இடப்பக்கப் பையில் ஊதா நிறத்தில் ஒரு கறை. ஆபீஸ் முத்திரைக்கு மை ஒற்றுகிற பெட்டியை ஒருமுறை மறதியாகப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்குப் பட்ட கறை அது. சவுக்காரம், எலுமிச்சம்பழம், எதற்கும் போகவில்லை.

என் சொக்காய்! பொம்மை என் ஜன்னலைப் பார்த்து நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தது.

செருப்பைக்கூடப் போடாமல் தெருவைத் தாண்டிப் போனேன். அவன் சாரத்தின்மேல் நின்று கல் வைத்துக்கொண்டிருந்தான்.

"டேய், அது யாரு சொக்காடா?"

"உன்துதான் ண்ணே" என்றான், சர்வ சாதாரணமாக. "பொம்மைக்குப் பழந்துணி ஏதாச்சும் கீதான்னு கேட்டேன். அண்ணி எடுத்தாந்து குடுத்துச்சு. ஏன், வேணுமா? அவுத்துக் குடுத்துடட்டா?"

வேண்டும் என்று எப்படிச் சொல்வது? கீழே கலவை சுமந்துகொண்டிருந்த பெண்களில் ஒருத்தி என்னையும் பொம்மையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மீசைகூட ஆபீஸ்காரரு மாதிரியேதான் கீது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவன் சிரிப்பில் விஷமம் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

வீட்டுக்குத் திரும்பினேன். என் மனைவி முறத்தில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என் சொக்காவ நீதான் குடுத்தியா?"

"ஆமா."

"ஊர்ல வேற சொக்காவே கெடைக்கலியா அவனுக்கு?"

அவள் தலை நிமிரவில்லை. "சொக்கா எவ்ளோ வேணா கெடைக்கும். இவ்ளோ எரியற கண்ணு வேற எங்க கீது?"

அவள் ஒரு கல்லை எடுத்து வாசல் பக்கம் எறிந்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"அந்த வூடு நல்லபடியா எழும்பணும்யா. பின்னால ஒரு ரூம்பு கட்றாங்க, குளிக்கறதுக்குன்னே. தம்பி பொஞ்சாதி என்னாண்ட சொல்லிச்சு, கட்டி முடிச்சதும் நீயும் கொயந்தைங்களும் இங்க வந்து குளிங்கக்கான்னு. நான் அத்த நம்பிகினு கீறேன். ராவும் பகலும் நீ ஜன்னலாண்ட நின்னு பாத்துகினு கீறியே, உன் கண்ணு பட்டு அது இடிஞ்சு வுயுந்துடக் கூடாது. அதான் குடுத்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மழை வரும் போலிருக்கிறது, துணியை எடு என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

அதற்குப் பிறகு நாலைந்து நாள் எனக்கு எதிலும் கவனம் ஓடவில்லை. ஆபீஸில் மணி அடிக்க மறந்துபோய் மேலதிகாரியிடம் பேச்சு வாங்கினேன். சைக்கிளைக் குறுக்கு வழியிலேயே விட்டேன். ஜன்னலை மூடி வைத்தால் உள்ளே இருட்டு. திறந்தால் பொம்மை. ஒருநாள் சாயங்காலம் நல்ல மழை பிடித்துக்கொண்டது. எதிரில் எல்லோரும் ஓடி ஒதுங்கிவிட்டார்கள். பொம்மை மட்டும் மூங்கிலில் நின்று நனைந்தது. வைக்கோல் ஊறி, தோள் இறங்கி, சொக்காய் உடம்போடு ஒட்டிக்கொண்டது. பையிலிருந்த ஊதா மை, எத்தனையோ தரம் துவைத்தும் போகாத மை, அன்றைக்குக் கரைந்து வயிற்றின்மேல் வழிந்தது. அதைப் பார்க்க எனக்கே குளிரெடுத்தது.

அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. என் பெண்டாட்டி நிம்மதியாகக் குளிப்பதற்கு என் கையை நம்பவில்லை. அவன் சுவரை நம்பியிருக்கிறாள். அந்தச் சுவரை என்னிடமிருந்து காப்பாற்ற என் சொக்காயையே எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அவன் கல் வீடு கட்டிக்கொள்ளட்டும். என் வீட்டுப் பெண்கள் அவன் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு தெருவைத் தாண்டி வருவதை நான் இந்த ஜன்னலில் நின்று பார்ப்பேனா? அதை மட்டும் என்னால் பொறுக்க முடியாது. நல்ல புத்தி வந்து நான் திருந்தினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதுவும் பொறாமைதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் முன்னால் போய் நின்றேன்.

"இன்னாண்ணே?"

"தூக்குக்குண்டு ஒன்னு குடு. அப்புறம் குடுத்துடறேன்."

கொத்தனார்கள் சுவர் நேராக இருக்கிறதா என்று நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பார்க்கிற குண்டு அது. அவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

"இன்னாத்துக்கு?"

"வூட்டுக்குப் பின்னால ஒரு மறைப்பு கட்டணும்."

குண்டை என் கையில் கொடுக்கவில்லை. தன் தோளில் போட்டுக்கொண்டு, கரண்டியையும் எடுத்துக்கொண்டு, எனக்கு முன்னால் நடந்து என் புழக்கடைக்குப் போய்விட்டான். முருங்கை மரத்தடியில் நிமிர்ந்து நின்ற கட்டிலைப் பார்த்தான். அதை எடுத்து ஓரமாகப் போட்டான்.

"அண்ணி, எவ்ளோ பெருசு வேணும்?"

என் மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள். அந்த இடத்தில் நடுவில் நின்றாள். இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டினாள்.

"கைய நீட்டுனா இடிக்கக் கூடாது தம்பி. அது போதும்."

அவள் விரல் நுனிக்கு ஒரு சாண் தள்ளி அவன் குச்சி நட்டான்.

அவன் வீட்டில் மிஞ்சிய செங்கல்லை அவனே கொண்டுவரச் சொன்னான். நான் சேறு மிதித்தேன், கலவை சுமந்தேன், கல் எடுத்துக் கொடுத்தேன். "ஆபீஸ்காரரு சித்தாளாயிட்டாரு" என்று தெருவே வேலிக்கு அந்தப்பக்கம் நின்று வேடிக்கை பார்த்தது. மாதச் சம்பளம் வாங்கியவன் மூன்றாவது படித்தவனுக்குக் கல் எடுத்துக் கொடுக்கிறான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தேன். அவன் ஒவ்வொரு வரிசைக்கும் குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தான். நூலும் சுவரும் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றன. இவ்வளவு அழகாக ஒருத்தன் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது ஒரு தண்டனை.

கதவு மட்டும் நான் செய்கிறேன் என்றேன். அவன் சரி என்றான். ஊறுகாய் ஜாடியோடு விழுந்த அதே பலகைகளை எடுத்து, குறுக்கே சட்டம் அடித்து, ஒரு கதவு செய்தேன். நாலு சுவரும் அவனுடையது, நேராக நின்றது. கதவு என்னுடையது, அது கோணல். மூடும்போது கொஞ்சம் தூக்கிப்பிடித்து மூட வேண்டும். என் மனைவி முதல் தடவையே தூக்கிப்பிடித்து மூடினாள். யாரும் சொல்லித்தரவில்லை.

சுவர் காயட்டும் என்று ஒரு வாரம் விட்டோம். அந்த வாரத்தில் எதிர்வீட்டில் ஓடு போட்டு, பால் காய்ச்சிக் குடிபோனார்கள். நான் போய் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பாயசம் நன்றாக இருந்தது, அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் அவன் பொம்மையை மூங்கிலோடு தூக்கிக்கொண்டு எங்கள் புழக்கடைக்கு வந்தான்.

"அண்ணி, இங்க நட்டுடட்டா? புதுசா கட்டுனதுல்ல."

என் மனைவி பொம்மையையும் பார்த்தாள், அந்தச் சின்ன நாலு சுவரையும் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

"வேணாம் தம்பி. இதும்மேல எவன் கண்ணு வெக்கப்போறான்?"

அவன் பொம்மையை எடுத்துக்கொண்டு போய்க் கொளுத்திவிட்டான்.

அதற்கு அடுத்த நாள் ஆபீஸுக்கு விடுமுறை. நடுப்பகல். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. என் மனைவி இரண்டு குடம் தண்ணீரை உள்ளே வைத்து, புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு, கதவைத் தூக்கிப்பிடித்து மூடினாள். ஊரே விழித்துக்கொண்டிருக்கிற நேரத்தில் அவள் குளிக்கப் போனது அதுதான் முதல் தடவை. நான் முருங்கை மரத்தடியில் அந்தப் பழைய கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். நாலு சொம்பு ஊற்றுகிற சத்தம் கேட்டது. அதோடு நிற்கவில்லை. ஐந்து, ஆறு, ஏழு. அப்புறம் சொம்புச் சத்தம் நின்று, வேறொரு சத்தம் கேட்டது.

அவள் பாடிக்கொண்டிருந்தாள்.

முதலில் மெதுவாக, பிறகு வாய்விட்டு. இழுத்து இழுத்து, ஒரு இடத்தில் மேலே ஏறி, அங்கேயே நின்று, நிதானமாக இறங்குகிற பாட்டு. அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. ஒன்பது வருஷம் ஒரே கூரைக்குக் கீழே சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறேன். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். என்னிடம் பாடாத பாட்டை அவள் அந்த நாலு சுவருக்குப் பாடினாள். அவன் கட்டிய சுவருக்கு.

என் கண் எரிந்தது. கோணல் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொம்மையை வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கக் கூடாது.

வேலிக்கு அந்தப்பக்கம் அவன் ஏதோ வேலையாகப் போனான். பாட்டைக் கேட்டு நின்றான்.

"அண்ணி ஆரம்பிச்சிடுச்சா?" என்று சிரித்தான். "நடவுல அது எடுத்துக் குடுத்தாத்தான் மத்தவங்க பாடுவாங்க. சாரத்து மேல நிக்கறப்போ கயனியிலர்ந்து தெனம் கேக்கும். நல்ல கொரலு ண்ணே. உனுக்குத் தெரியாததா?"

"எனுக்குத் தெரியாமயா?" என்றேன்.